‘இன்ஸ்பிஸேட்’ என்ற ஒரு சொல்லை வைத்து ஓர் அகராதிச் செயலியைச் சோதித்தபோது

மருத்துவக் கட்டுரைகளையும் ஆய்வகக் கையேடுகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது என் தொழில். வேலை நடக்கும் நேரமெல்லாம் கணினியில் ஓர் அகராதி திறந்தே இருக்கும். கடந்த பதினான்கு மாதங்களாக அந்த இடத்தில் இருப்பது, சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஓர் ஆங்கில அகராதிச் செயலி. இரண்டாம் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டிய நேரம் வந்தபோது, அதன் சிறப்புகளையும் குறைகளையும் பொதுவாக எடைபோடுவதைவிட, என்னை மிகவும் அலைக்கழித்த ஒரே ஒரு சொல்லுக்கு அது எவ்வளவு உதவியது என்று பார்ப்பதே சரியான சோதனை என்று எனக்குப் பட்டது. அந்தச் சொல் ‘இன்ஸ்பிஸேட்’ (inspissate). கெட்டியாதல், இறுகுதல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அரிதாக வழங்கும் வினைச்சொல் அது.

செயலியின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லப்போகும் குறைகளை வேறு சில செயலிகளிலும் கண்டிருக்கிறேன் என்பதால், ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் குறை கூறுவது நியாயமாகாது. அகராதிச் செயலி வாங்க நினைப்பவர்கள் எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை பயன்பட்டால் போதும். முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். செயலி விரைவாகத் திறக்கிறது, இணைய இணைப்பு இல்லாதபோதும் முழுமையாக வேலை செய்கிறது, விளம்பரங்கள் இல்லை, எழுத்துரு கண்ணை உறுத்துவதில்லை. தேடிய சொற்களின் பட்டியலைத் தேதிவாரியாகச் சேமித்து வைப்பதால், மூன்று வாரங்களுக்கு முன்பு எந்தச் சொல்லில் தடுமாறினேன் என்பதைத் திரும்பிப் பார்க்க முடிகிறது. அன்றாடச் சொற்களுக்கு அது தரும் விளக்கங்களில் எனக்குக் குறை எதுவும் இல்லை. சிக்கல் அரிய சொற்களில்தான் தொடங்குகிறது. ஆனால், அகராதியை மனிதர்கள் தேடிப் போவதே பெரும்பாலும் அத்தகைய சொற்களுக்காகத்தானே.

பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை மஞ்சள்காமாலை குறித்துப் பெற்றோர்களுக்காக எழுதப்பட்ட ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தச் சொல் முதன்முதலாக என் வழியில் குறுக்கிட்டது. பித்தக் குழாயில் பித்தநீர் சேறுபோல இறுகிப்போய், சில வேளைகளில் அடைப்பான்போலத் திரண்டு, குடலுக்குப் போகும் வழியை மறித்துவிடும் நிலையை ஆங்கில மருத்துவர்கள் ‘இன்ஸ்பிஸேட்டட் பைல் சிண்ட்ரோம்’ என்று அழைக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடமும், இரத்தச் சிவப்பணுக்கள் மிகுதியாகச் சிதைந்த குழந்தைகளிடமும், நெடுநாள் இரத்தக் குழாய் வழியாகவே ஊட்டம் பெற்ற குழந்தைகளிடமும் இது காணப்படுவதுண்டு. செயலியில் தேடினேன். ‘கெட்டியாக்கு, தடிக்கச் செய்’ என்று ஒரே வரியில் பொருள் வந்தது. அதை நம்பி ‘கெட்டியான பித்தநீர்’ என்று எழுதிவிட்டேன். பிழை என்று யாரும் சொல்ல முடியாத தொடர்தான். ஆனால் கையேட்டைச் சரிபார்த்த மருத்துவர், பித்தநீர் இயல்பிலேயே கெட்டியாக இருப்பதாக இதைப் படிக்கும் தாய் எண்ணிக்கொள்வார் என்றும், ஓட வேண்டிய நீர் ஓடாமல் தேங்கி, தேங்கியதால் இறுகிவிட்டது என்ற செய்தி இதில் இல்லை என்றும் ஓரத்தில் குறித்து அனுப்பினார். அவசரத்தில் ‘உறைந்த பித்தநீர்’ என்று மாற்றினேன். அது முன்னதைவிட மோசமாக இருந்தது. உறைதல் என்றதும் குளிரும் நினைவுக்கு வரும், இரத்தமும் நினைவுக்கு வரும். இங்கே நடந்திருப்பது இரண்டும் அல்ல. கடைசியில் ‘சுண்டி இறுகிய பித்தநீர்’ என்று எழுதியபோது மருத்துவர் வேறெதுவும் சொல்லாமல் ஒப்புதல் தந்தார்.

மூன்று முயற்சிகளுக்குப் பிறகு கிடைத்த அந்தத் தொடரை அகராதி முதலிலேயே கைக்குத் தந்திருக்க முடியுமா என்ற கேள்வியோடு செயலியின் பதிவை மீண்டும் ஒருமுறை முழுமையாகப் படித்தேன். சொற்பிறப்பு சரியாகவே இருந்தது. லத்தீனில் ‘ஸ்பிஸ்ஸஸ்’ என்றால் அடர்ந்தது, கெட்டியானது என்று பொருள். அதிலிருந்து பிறந்த வினைக்கு ‘இன்’ என்ற முன்னொட்டுச் சேர்ந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்றறிந்தோர் வழியாக இச்சொல் ஆங்கிலத்தில் வேரூன்றியது. பிரெஞ்சு மொழியில் கெட்டியானதைக் குறிக்கும் ‘எபே’, ஸ்பானிய மொழியின் ‘எஸ்பெசோ’, இத்தாலிய மொழியின் ‘ஸ்பெஸ்ஸோ’ ஆகிய மூன்றும் அதே லத்தீன் வேரில் கிளைத்தவை. அந்த மொழிகளில் இவை எல்லாரும் புழங்கும் எளிய சொற்கள். ஆங்கிலத்தில் மட்டும் அந்த வேர் படித்தவர்களின் அறைக்குள் தங்கிவிட்டது. இத்தாலியச் சொல்லுக்கு ‘அடிக்கடி’ என்ற பொருளும் உண்டு. இடத்தில் நெருங்கி நிற்பதைக் குறித்த சொல், காலத்தில் நெருங்கி வருவதையும் குறிக்கத் தொடங்கியிருக்கிறது. நம்முடைய ‘அடுத்தடுத்து’ என்ற சொல்லும் அப்படித்தான் இடத்துக்கும் காலத்துக்கும் ஒருசேரப் பயன்படுகிறது. இவற்றையெல்லாம் செயலி தொட்டுக்காட்டியிருந்தால் மகிழ்ந்திருப்பேன். தொடவில்லை என்பதை ஒரு பெரிய குறையாகவும் கொள்ளவில்லை.

பெரிய குறை வேறு. கெட்டித்தன்மையைக் குறிக்கும் மற்ற ஆங்கிலச் சொற்களோடு ஒப்பிட்டால், இச்சொல்லின் தனித்தன்மை ஒரு பொருள் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. அது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதையும் உடன் சொல்லிவிடுகிறது. ‘விஸ்கஸ்’ என்ற சொல் ஒரு குணத்தைக் குறிக்கும். விளக்கெண்ணெய் இயல்பிலேயே பாகுத்தன்மை உடையது; அதை விஸ்கஸ் எனலாம். ‘இன்ஸ்பிஸேட்டட்’ என்றால், ஒரு காலத்தில் நீர்த்து ஓடிக்கொண்டிருந்த ஒன்று, தன்னிடமிருந்த நீரை ஆவியாகவோ, சுற்றியுள்ள திசு உறிஞ்சிக்கொண்டதாலோ இழந்து, இன்று ஓட மறுக்கிறது என்று பொருள்படும். அந்த ஒரே சொல்லுக்குள் ஒரு சிறு வரலாறு அடங்கியிருக்கிறது. மருத்துவர்கள் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணமும் அதுவே என்று நான் நினைக்கிறேன். நோய் அறிதல் என்பது பெரும்பாலும் ‘இது எப்படி இப்படி ஆனது’ என்று கேட்பதுதான்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் இது மிகத் தெளிவாகத் தெரியும். அந்நோய்க்குக் காரணமான மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. உயிரணுவின் சவ்வில் குளோரைடு அயனிகள் போய்வரும் ஒரு வாயிலை அமைப்பது அந்த மரபணுவின் பணி. அந்த வாயில் பழுதுபட்டால் உப்பு நகர்வதில்லை. உப்பின் பின்னால் போக வேண்டிய நீரும் நகர்வதில்லை. நுரையீரலின் குழாய்களிலும் கணையத்தின் நாளங்களிலும் சுரக்கும் சளிநீர் போதிய நீரின்றி இறுகுகிறது. இந்நோயோடு பிறக்கும் சில குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் வெளியேற வேண்டிய முதல் மலம் பிசின்போல இறுகிக் குடலை அடைத்துவிடுவதும் உண்டு. இந்த மூன்று இடங்களிலும் மருத்துவ நூல்கள் கையாளும் சொல் இன்ஸ்பிஸேட்டட் என்பதே. இங்கே ‘கெட்டியான சளி’ என்று மொழிபெயர்த்தால், சாதாரணத் தடுமனில் வரும் சளிக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும். ‘நீர் வற்றி இறுகிய சளி’ என்றால் நோயின் காரணமே தொடருக்குள் வந்துவிடுகிறது.

செயலியின் ஒத்த சொற்கள் பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் எனக்கு ஏமாற்றம் தந்த பகுதி அதுதான். திக்கன், கண்டென்ஸ், கோயாகுலேட், கன்ஜீல், கர்டில், கான்சென்ட்ரேட், இன்கிராஸேட் என்று ஏழு சொற்களை ஒரே வரிசையில், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம் என்ற தோற்றத்தில் அடுக்கியிருக்கிறார்கள். இவற்றுள் முதலாவது பொதுச்சொல். எந்த வழியில் கெட்டியானாலும் பொருந்தும். இரண்டாவது ஆவி குளிர்ந்து நீராவதையும் குறிக்கும். கண்ணாடியில் படியும் பனித்துளியை யாரும் கெட்டியானது என்று சொல்வதில்லை. மூன்றாவது, நீரில் பரவியிருந்த புரதம் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு கட்டியாவது. நான்காவதில் குளிர்ச்சியின் சாயல் இருக்கிறது. ஐந்தாவது திரிதல், திரைதல். ஆறாவதை எடுத்துக்கொண்டால், உப்புக் கரைசலில் நீரைப் பாதியாகக் குறைத்தால் அதன் செறிவு இரட்டிப்பாகும், ஆனால் அது முன்புபோலவே ஓடும். செறிவு கூடிய எல்லாமும் இறுகிவிடுவதில்லை. ஏழாவதான இன்கிராஸேட் இவற்றுள் மிக அரியது. லத்தீன் ‘கிராஸஸ்’ என்பதிலிருந்து வந்த அந்தச் சொல் ஒரு காலத்தில் நீர்மங்களுக்கும் வழங்கியது. இன்று பெரும்பாலும் உயிரியலாரிடம், பூச்சியின் உணர்கொம்பு நுனியை நோக்கிப் பருத்திருப்பதைப் போன்ற திடமான உறுப்புகளின் தடிப்பைக் குறிக்கும் பெயரடையாகவே எஞ்சியிருக்கிறது. பித்தநீரைப் பற்றிய கட்டுரையில் ஒருவர் இந்தப் பட்டியலை நம்பி இன்கிராஸேட்டை எடுத்துப் போட்டால் என்ன ஆகும்?

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த வேறுபாடுகள் புதியவை அல்ல. சுண்டுதல், வற்றுதல், குறுகுதல், இறுகுதல், உறைதல், திரைதல், திரளுதல், செறிதல், தடித்தல் என்று நம் மொழி ஒவ்வொரு வழிக்கும் ஒரு வினையைத் தனியே வைத்திருக்கிறது. குறுகு என்றால் தானாக நிகழ்வது, குறுக்கு என்றால் ஒருவர் செய்வது; இறுகுவதும் இறுக்குவதும், திரள்வதும் திரட்டுவதும் அப்படியே இரட்டையாக வருகின்றன. ஆங்கிலச் சொல்லோ பெரும்பாலும் செயப்படுபொருள் கொண்ட வினையாகவும், அதைவிட மிகுதியாக ‘இன்ஸ்பிஸேட்டட்’ என்ற எச்ச வடிவிலும் மட்டுமே நடமாடுகிறது. செயலி இந்த வழக்குச் செய்தியையாவது தந்திருக்கலாம். மூல வினையை முன்னிறுத்தி, எச்ச வடிவத்தைச் சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் ஒதுக்கியிருப்பதால், உண்மையில் அச்சில் எதிர்ப்படும் வடிவம் எது என்று படிப்பவருக்குத் தெரியவே தெரியாது.

எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இரண்டுதான் இருந்தன. ஒன்று மருத்துவ வாக்கியம், குறையில்லை. மற்றொன்று, மாவைச் சேர்த்து ஒரு குழம்பு நீர்மத்தை ‘இன்ஸ்பிஸேட்’ செய்யலாம் என்றது. இன்றைய வழக்கில் இப்படி எழுதுபவரை நான் கண்டதில்லை. வெளியிலிருந்து ஒன்றைக் கொட்டிக் கெட்டியாக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘திக்கன்’ என்ற எளிய சொல் இருக்கிறது. உள்ளிருப்பது குறைவதால் இறுகுவதே இந்தச் சொல்லுக்குரிய இடம். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், பழைய வழக்கு இவ்வளவு கறாராக இருந்ததில்லை. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஃபிரான்சிஸ் பேக்கன், சர்க்கரை மதுவின் ஆவிகளை இன்ஸ்பிஸேட் செய்து, அவை எளிதில் ஆவியாகிப் போகாதபடி தடுக்கிறது என்று எழுதியிருக்கிறார். அங்கே சேர்ப்பதால்தான் அடர்த்தி வருகிறது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் பேக்கனின் அந்த வாக்கியத்தை மேற்கோளாகவும் எடுத்து வைத்திருக்கிறார். காலப்போக்கில் பொருள் எப்படிக் குறுகியது என்று காட்ட இதைவிட நல்ல சான்று கிடைக்காது. இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பு, பெரும்பகுதியும் தனி ஒருவராக உழைத்துத் தொகுத்த அகராதி ஒரு சொல்லுக்கு அதை ஆண்ட ஆசிரியரின் வாக்கியத்தைத் தேடிப் பிடித்துத் தர முடிந்தபோது, இன்றைய கட்டணச் செயலி எங்கிருந்து வந்தது என்றே தெரியாத வாக்கியத்தைத் தருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது இடறல் ஓர் ஆய்வகக் கையேட்டில் நேர்ந்தது. காசநோய்க் கிருமியை வளர்ப்பதற்கான லோவன்ஸ்டைன்–ஜென்சன் ஊடகத்தைத் தயாரிக்கும் முறையை அதில் விவரித்திருந்தார்கள். முட்டையை அடித்துக் கலக்கி, கிளிசரால், அஸ்பராஜின், சில உப்புகள் ஆகியவற்றோடு, வேண்டாத கிருமிகள் வளராமல் தடுக்க மாலகைட் கிரீன் என்ற சாயத்தையும் சேர்த்து, மூடியுள்ள சிறு புட்டிகளில் ஊற்றி, புட்டிகளைச் சாய்வாகப் படுக்க வைத்து, 80 முதல் 85 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய 45 நிமிடங்கள் ‘இன்ஸ்பிஸேட்’ செய்ய வேண்டும் என்பது கட்டளை. அதற்கென்றே உள்ள கருவியின் பெயர் இன்ஸ்பிஸேட்டர். செயலியில் தேடினால் அந்தப் பெயர்ச்சொல்லே இல்லை. வினைச்சொல்லின் பொருளை வைத்து ஊகித்தால், நீரை வற்றவிட வேண்டும் என்றுதான் யாரும் எழுதுவார்கள். நானும் முதலில் அப்படியே எழுதினேன். ஆனால் கையேட்டின் அடுத்த பத்தியிலேயே, கருவிக்குள் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஊடகம் உலர்ந்துவிடக் கூடாது என்று இருந்தது.

நின்று யோசித்த பிறகுதான் விளங்கியது. இங்கே நடப்பது நீர் இழப்பு அன்று. முட்டைப் புரதம் வெப்பத்தால் இறுகி, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் என்ற கூழ்ப்பொருள் எதுவும் சேர்க்காமலேயே ஊடகம் திடநிலை அடைகிறது. சாய்வாகப் படுக்க வைத்த புட்டியில் ஊற்றிய நீர்மம், சூடு ஏற ஏற மெல்ல அசைவை இழந்து, வழவழப்பான வெளிர்பச்சைச் சரிவாக நின்றுவிடும். சூடு மிகுந்துவிட்டால் குமிழிகள் தோன்றும், நிறமும் மாறும். அந்தப் புட்டி பயன்படாது. நன்றாக அமைந்த சரிவின்மேல் கிருமியை இட்டுக் காத்திருந்தால், கூட்டங்கள் கண்ணுக்குத் தெரிய வாரங்கள் ஆகும். எட்டு வாரம் வரைகூடப் பொறுத்திருந்த பின்னரே கிருமி இல்லை என்று முடிவு சொல்வார்கள். இரத்தச் சீரத்தைக் கொண்டு செய்யும் ஊடகங்களுக்கும் இதே சொல் வழங்குகிறது. ஆக, ஆய்வகத்தார் வாயில் இச்சொல்லின் பொருள் மருத்துவரின் பொருளிலிருந்து சற்று விலகி, மிதமான ஈரச் சூட்டில் புரதத்தை இறுகச் செய்தல் என்று ஆகியிருக்கிறது. ஒரே மருத்துவமனையின் இரண்டு அறைகளில் ஒரே சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது என்பதை ஓர் அகராதி சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? ‘புட்டிகளைச் சாய்வாக வைத்து ஊடகத்தை இறுகவிடவும்’ என்று திருத்தினேன். கருவியின் பெயரை மட்டும், ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் சொல்வதைப் போலவே இன்ஸ்பிஸேட்டர் என்று வைத்துக்கொண்டு, முதல் முறை வரும் இடத்தில் அதன் பணியை ஒரு வரியில் விளக்கினேன்.

மருந்தியலிலும் நிலவியலிலும் இச்சொல்லுக்கு இருக்கும் இடத்தைச் செயலி அறவே தொடவில்லை. பழைய மருந்து நூல்களில் ‘இன்ஸ்பிஸேட்டட் ஜூஸ்’ என்பது ஒரு தனி வகை. தாவரத்தைப் பிழிந்த சாற்றை மெல்லச் சூடாக்கியோ வெயிலில் வைத்தோ வற்றவிட்டு எடுக்கும் இறுகிய பொருள் அது. மருந்துக்கடைக் கரியபோளம் கற்றாழையின் இலையிலிருந்து வடியும் கசப்புநீர் வற்றி இறுகியதுதான். அபினும் கசகசாக் காயிலிருந்து கசியும் பால் காற்றில் உலர்ந்து இறுகியதே. நிலவியலாரோ, பூமிக்கடியிலிருந்து கசிந்து மேற்பரப்புக்கு வந்த கச்சா எண்ணெயின் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போக, எஞ்சியது தாராக இறுகுவதை இச்சொல்லால் குறிக்கிறார்கள். ட்ரினிடாட் தீவில் ஏறக்குறைய 40 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் பிட்ச் ஏரியை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். பித்தக் குழாய், மருந்துக்கடை ஜாடி, தார் ஏரி என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இடங்களில் ஒரு சொல் ஒரே நிகழ்வைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இலக்கிய வழக்கு ஒன்றையாவது செயலி தந்திருக்க வேண்டும். இச்சொல் ஆங்கிலம் படித்தவர்களின் நினைவில் இன்றும் நிற்பதற்குக் காரணமே ஜான்சன் உரையாடலில் உதிர்த்த ஒரு தொடர்தான். 1769 அக்டோபர் 16ஆம் நாள் நடந்த ஒரு விருந்தில், ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் இரவை வருணிக்கும் இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வண்டும் வௌவாலும் அந்த வருணனையில் நுழைந்து, இருள் என்ற முழு எண்ணத்தைக் குலைத்துவிடுகின்றன என்று கூறிய ஜான்சன், அங்கே இருந்திருக்க வேண்டியதை ‘இன்ஸ்பிஸேட்டட் குளூம்’ என்று இரண்டே சொற்களில் சொன்னார். ஜான்சனின் நண்பர் பாஸ்வெல் எழுதி 1791இல் வெளியான ஜான்சன் வாழ்க்கை வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது. இருளை ஒரு நீர்மமாகப் பாவித்து, அதிலிருந்து மற்றதெல்லாம் வற்றிப்போய், இருள் மட்டுமே மிஞ்சி இறுகிவிட்ட நிலையாக அதை அவர் உருவகித்திருக்கிறார். அவருடைய விமரிசனத்தோடு நான் உடன்படவில்லை. அந்த வௌவாலின் சிறகடிப்பு இருப்பதால்தான் அந்த இரவு எனக்கு அச்சமூட்டுகிறது. ஆனால் சொல்லின் ஆட்சியை மறுக்க முடியாது. தமிழில் அதைக் ‘கப்பிய இருள்’ என்றால் பரவியது மட்டுமே வரும், ‘செறிந்த இருள்’ என்றால் அடர்த்தி வரும், ‘இறுகிய இருள்’ என்று சொன்னால்தான் மெல்ல மெல்ல அப்படி ஆனது என்ற ஓட்டமும் சேர்ந்து வருகிறது என்பது என் எண்ணம்.

ஒலிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இச்சொல்லை இரண்டாம் அசையில் அழுத்தி ‘இன்-ஸ்பிஸ்-ஏட்’ என்றும் சொல்லலாம், முதல் அசையில் அழுத்தியும் சொல்லலாம். நல்ல அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. செயலி ஒன்றை மட்டும் தருகிறது, அதன் ஒலிப்பதிவும் தெளிவாகவே இருக்கிறது. எழுத்துக்கூட்டில்தான் எனக்குத் துன்பம் வந்தது. நடுவில் எஸ் என்ற எழுத்து இரட்டித்து வருவதை மறந்து ஒற்றையாகத் தட்டச்சு செய்தபோது, தேடுபெட்டி ‘டிஸிபேட்’ என்ற சொல்லை முதலில் நீட்டியது. அதன் பொருள் கலைந்து போதல், சிதறி மறைதல். இறுகுவதைத் தேடி வந்தவரைக் கலைந்து போவதிடம் அனுப்பி வைக்கும் திருத்தி, மருத்துவ உரையில் எவ்வளவு கேடு செய்யும் என்பதைத் தயாரிப்பாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே எழுத்து விடுபட்ட நெருங்கிய சொல்லை முதலில் காட்டி, மிகுதியாகத் தேடப்படும் சொல்லை அதன் கீழே காட்டுவது அவ்வளவு கடினமான வேலை அன்று.

இவற்றையெல்லாம் தொகுத்துச் செயலியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். நான்கு நாளில் மரியாதையான பதில் வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது மாவு சேர்க்கும் வாக்கியம் நீக்கப்பட்டிருந்தது. ஒத்த சொற்களின் பட்டியலும் தேடுபெட்டியின் குணமும் மாறவில்லை. குறையைக் கேட்டுக்கொண்டு ஒன்றையாவது திருத்தினார்கள் என்பதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பொதுவான ஆங்கில வாசிப்புக்கும், பள்ளி கல்லூரி மாணவர்களுக்கும் இந்தச் செயலியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். துறைசார்ந்த உரையை மொழிபெயர்ப்பவர்கள் இதை மட்டும் நம்பக் கூடாது. மேற்கோள்களோடு கூடிய ஒரு பெரிய வரலாற்று அகராதியும், அந்தந்தத் துறையின் கலைச்சொல் நூலும் பக்கத்தில் இருக்க வேண்டும். புதிதாக எந்த அகராதிச் செயலியை வாங்குவதாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன்பு இலவசச் சோதனைக் காலத்தில் இந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். ‘இன்ஸ்பிஸேட்டர்’ என்ற கருவிப்பெயர் இருக்கிறதா, எச்ச வடிவத்துக்கு எடுத்துக்காட்டு இருக்கிறதா, ஒத்த சொற்களுக்கு இடையில் வேறுபாடு சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாலே, அதைத் தொகுத்தவர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் சந்தாவை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்திருக்கிறேன், அதன் வேகத்துக்காகவும் இணையமின்றி இயங்கும் வசதிக்காகவும். இந்தச் சொல்லுக்கு மட்டும் செயலியைத் திறப்பதில்லை. மேசையில் உள்ள அட்டைப் பெட்டியில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கிறது: உடல்நீர்களுக்கு வரும்போது ‘நீர் வற்றி இறுகிய’, சாறு, பிசின், எண்ணெய் ஆகியவற்றுக்கு ‘சுண்டிய’ அல்லது ‘வற்றிய’, முட்டை, சீரம் ஊடகங்களுக்கு ‘சூட்டில் இறுகவிட்ட’; ‘உறைந்த’ என்று ஓரிடத்திலும் எழுத வேண்டாம்.